பெயரறியாப் போர்டின் வோல்ட் நிர்ணயம்: ஒரு பிரமாண விசாரணை

பாயிரம்

எந்த நூலும் விஷயம், பிரயோஜனம், சம்பந்தம், அதிகாரி என்னும் நான்கையும் முதலிலே சொல்லிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும் என்பது பெரியோர் வகுத்த மரபாதலால், அதை மீறும் துணிவில்லாத இக்கட்டுரையும் அவற்றைச் சொல்லியே தொடங்குகிறது. விஷயமாவது, பெட்டியை இழந்து, அடாப்டரையும் இழந்து, ஊரும் பேரும் தெரியாமல் மேஜை இழுப்பறையின் அடியில் கிடக்கும் ஓர் எலெக்ட்ரானிக் போர்டுக்கு எத்தனை வோல்ட் கொடுக்க வேண்டும் என்பது. பிரயோஜனமாவது, அந்தப் போர்டு புகையாமல் இருப்பது. சம்பந்தமாவது, அதை வாங்கியவனுக்கும் அதற்காக அவன் கொடுத்துவிட்ட பணத்துக்கும் இடையே இன்னும் அறாமல் இருக்கும் பாசம். அதிகாரியாவது, அதாவது இவ்விசாரணையில் இறங்கத் தகுதியுடையவனாவது, ஒரு மல்டிமீட்டரும், ஒரு பூதக்கண்ணாடியும், ‘இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?’ என்று வீட்டில் உள்ளவர்கள் கேட்கும்போது பதில் சொல்லாமல் இருந்துவிடும் மனோதிடமும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவன்.

காரண விசாரம்

இந்தச் சந்தேகம் உலகில் எப்போது தோன்றியது என்று பார்ப்போம். 1800ஆம் ஆண்டில், வெள்ளித் தட்டையும் துத்தநாகத் தட்டையும் உப்புநீரில் தோய்த்த பொருளை இடையிட்டு மாறி மாறி அடுக்கி, இடைவிடாத மின்னோட்டத்தை முதன்முதலாக உண்டாக்கிக் காட்டிய அலெஸாண்ட்ரோ வோல்டா என்னும் இத்தாலியப் பண்டிதருக்கு இது தோன்றியிருக்க நியாயமில்லை. அடுக்கியவரும் அவரே, சோதித்தவரும் அவரே ஆதலால், தட்டுகளை எண்ணிப் பார்த்தாலே அவருக்கு விடை கிடைத்துவிடும். வால்வு ரேடியோவின் காலத்திலும் நிலைமை கெட்டுவிடவில்லை. டிரான்ஸ்பார்மர் ரேடியோப் பெட்டிக்கு உள்ளேயே குடியிருந்தது; கம்பிகளோ ஒவ்வொன்றும் தனித்தனியே கண்ணுக்குத் தெரிந்தன; பொறுமையுள்ள மனிதன் விரலால் ஒன்றைப் பற்றிக்கொண்டே அதன் மூலஸ்தானம் வரைக்கும் போய்வரலாம்.

1936 வாக்கில் இங்கிலாந்தில் குடியேறியிருந்த பால் ஐஸ்லர் என்னும் ஆஸ்திரியர், கம்பிகளுக்குப் பதிலாகச் செப்புத் தகட்டில் பாதைகளைப் பதித்து ஒரு ரேடியோவைச் செய்ததோடு, விரலால் பற்றிச் செல்லும் வித்தைக்கு அஸ்தமனம் தொடங்கியது. ஆயினும் மூல வியாதி அதுவன்று. பெட்டிக்குள் இருந்த டிரான்ஸ்பார்மரை வெளியே எடுத்து, அடாப்டர் என்று பெயரிட்டுச் சுவரிலே தொங்கவிட்ட நாளில்தான், ஒரு கருவியும் அதன் அன்னமூலமும் இரண்டு தனி ஜீவன்களாயின. இரண்டாக இருப்பவை பிரியக்கூடும். வீடு மாற்றும்போது அவை பிரிந்தே தீரும். போர்டு ஓர் அட்டைப்பெட்டியிலும் அடாப்டர் வேறோர் அட்டைப்பெட்டியிலும் போய்ச்சேர, சென்னை அண்ணா சாலைக்குப் பக்கத்திலுள்ள ரிச்சி தெரு போன்ற இடங்களில், பழைய கருவிகளின் வயிற்றிலிருந்து எடுத்த போர்டுகள் ஒரு குவியலாகவும், எவற்றுக்கு உரியவை என்று தெரியாத அடாப்டர்கள் மற்றொரு குவியலாகவும், பக்கத்தில் பக்கத்திலேயே விற்பனைக்குக் கிடக்கின்றன.

பூர்வபக்ஷம்

இவ்விஷயத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் மதங்கள் நான்கு.

முதலாவது, லோகாயத மதம். பிரத்தியட்சம் ஒன்றையே பிரமாணமாகக் கொள்ளும் இவர்கள், ‘கொடுத்துப் பாத்துடுவோம் சார், தெரிஞ்சுடும்’ என்பார்கள். தெரிந்துவிடும் என்பது வாஸ்தவமே. ஆனால் அப்படித் தெரிந்துகொண்ட ஞானத்தைப் பிரயோகிப்பதற்கு அதன் பிறகு போர்டு இருப்பதில்லை என்பதே இம்மதத்தின் மீது சொல்லத்தக்க ஒரே குற்றம்.

இரண்டாவது, துவாதசவாதிகளின் மதம். அண்டசராசரங்களில் உள்ள எந்தப் போர்டும் 12 வோல்ட்டிலேயே தோன்றி, 12 வோல்ட்டிலேயே நிலைபெறுகிறது என்பது இவர்களுடைய சித்தாந்தம். கடைவீதியில் கிடைக்கும் போர்டுகளில் கணிசமான பகுதிக்கு 12 வோல்ட்டே தேவையாக இருப்பதால், இவர்கள் அடிக்கடி வெற்றியடைகிறார்கள். அந்த வெற்றிதான் இவர்களைத் திருத்த முடியாதபடி செய்துவிடுகிறது. 3.3 வோல்ட்டில் வாழும் ஒரு சிப்பின் மீது இவர்கள் தங்கள் கொள்கையைப் பிரயோகிக்கும் தருணம் சோகமானது.

மூன்றாவது, ஸ்யாத்வாதம். கடைக்காரர்களிடையே இதற்குச் செல்வாக்கு அதிகம். ‘இது எத்தனை வோல்ட் அண்ணே?’ என்று கேட்டால், ‘பன்னெண்டா இருக்கலாம், அஞ்சா இருக்கலாம், இருபத்துநாலாக் கூட இருக்கலாம்’ என்று சொல்லி, எந்த விடையையும் மறுக்காமலும் எந்த விடைக்கும் பிணைப்படாமலும் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். தர்க்க ரீதியில் இவர்களை வென்றவர் எவருமில்லை.

நான்காவது, சூனியவாதம். அந்தப் போர்டுக்கு எந்த வோல்ட்டும் தேவையில்லை, குப்பைத்தொட்டியே போதும் என்பது. இம்மதம் பெரும்பாலும் குடும்ப வட்டாரங்களில் பரவியிருப்பதால், இதைக் கண்டிப்பது இக்கட்டுரையின் எல்லைக்கும் கட்டுரையாளனின் சக்திக்கும் அப்பாற்பட்டது.

பூமி நிர்ணயம்

மேலே சொன்ன நான்கு மதங்களுக்கும் பொதுவான தோஷம், எத்தனை வோல்ட் என்று கேட்பதற்கு முன்னே எங்கிருந்து எங்கே என்று கேட்காமல் விட்டதாகும். அழுத்தம் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையில் உள்ள வித்தியாசமாதலால், அவற்றில் ஒன்றாகிய கிரவுண்டைக் கண்டுபிடித்த பிறகே மற்றொன்றைப் பற்றிப் பேச உரிமை உண்டாகும்.

கிரவுண்டைக் காண்பது அவ்வளவு கஷ்டமன்று. போர்டில் எந்தச் செப்புப் பரப்பு எல்லாவற்றையும்விட விசாலமாக, இண்டு இடுக்குகளையெல்லாம் நிரப்பிக்கொண்டு பரந்து கிடக்கிறதோ அதுவே பெரும்பாலும் கிரவுண்டு. யு.எஸ்.பி. வாயின் உலோகக் கவசம் அதனோடு சேர்ந்திருக்கும். திருகாணித் துளைகளைச் சுற்றியுள்ள வளையங்களும் பல போர்டுகளில் சேர்ந்திருக்கும். உருளை வடிவமான எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் மேலுறையில் ஒரு பக்கமாக ஓடும் பட்டை அதன் மைனஸ் காலைக் காட்டுவது. அந்தக் கால் அநேகமாகக் கிரவுண்டில் இறங்கும்.

இங்கே மாணாக்கனுக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். அலுமினிய எலெக்ட்ரோலைட்டிக் என்னும் சாகையில் பட்டை மைனஸைக் குறிக்க, டான்டலம் என்னும் சாகையிலோ அதே போன்ற பட்டை பிளஸ்ஸைக் குறிக்கிறது. ஒரே சின்னத்துக்கு இரண்டு சம்பிரதாயத்தார் நேர்மாறான பொருள் கொண்டு, இருவரும் ஒரே போர்டில் பக்கத்து வீட்டுக்காரர்களாக வசிப்பது விபரீதந்தான். ஆனாலும் சமரசத்துக்கு இதுவரை எவரும் முன்வரவில்லை. திசை மாறி மின்சாரம் பெற்ற டான்டலம் கெபாசிட்டர் தீப்பற்றி எரிந்து தன் சாகையின் தனித்தன்மையை நிலைநாட்டக் கூடியதாதலால், மாணாக்கன் இதை மனனம் செய்துகொள்வது நலம்.

பிரமாணங்கள் ஆறு

பிரமாணங்களின் எண்ணிக்கையைப் பற்றி ஆசிரியர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. மணிமேகலையில், வஞ்சி மாநகரத்துச் சமயவாதிகளின் கொள்கைகளைக் கூறும் காதையிலே, வியாசர் பத்தும், கிருதகோடி எட்டும், ஜைமினி ஆறுமாகக் கொண்டனர் என்று சொல்லப்படுகிறது. ஒரு போர்டுக்காகப் பத்துப் பிரமாணங்களைச் செலவிடுவது ஆடம்பரமாகத் தோன்றுவதால், சிக்கனத்தை உத்தேசித்து ஜைமினியின் ஆறையே இங்கு ஏற்றுக்கொள்வோம்.

முதலாவதாகிய பிரத்தியட்சம், போர்டைக் கண்ணால் பார்ப்பது. இது சுலபமென்று தோன்றும்; ஆனால் பெரும்பாலோர் போர்டைப் பார்ப்பதேயில்லை, அதிலுள்ள சொருகு துளையை மட்டுமே பார்க்கிறார்கள். ஒரு மூலையில் சிறு டிரான்ஸ்பார்மரும், அதன் கீழே இரண்டு தீவுகளைப் பிரிக்கும் ஜலசந்தி போலச் செப்பில்லாத அகன்ற இடைவெளியும், அருகிலே 400 வோல்ட் என்று எழுதிய பருத்த கெபாசிட்டரும் காணப்பட்டால், அந்தப் போர்டு வீட்டு மின்சாரத்தையே நேராக உண்பது என்று அறிக. 230 வோல்ட் மாறுமின்சாரத்தைத் திருத்தி நேர்மின்சாரமாக்கினால் ஏறக்குறைய 325 வோல்ட் வரும். அதைத் தாங்குவதற்கே அந்த 400. அத்தகைய போர்டுகளில், பிளக்கைப் பிடுங்கிய பின்பும் அந்தக் கெபாசிட்டர் உயிரைக் குடிக்கக்கூடிய அழுத்தத்தை வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கும் ஆதலால், இந்த இடத்தில் மட்டும் இக்கட்டுரை பரிகாசத்தை நிறுத்திவிட்டு, பழகாதவர்கள் அதைத் தொட வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொள்கிறது.

இரண்டாவது அனுமானம். மலையிலே புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பது தார்க்கிகர்களின் பிரசித்தமான உதாரணம். நம் துறையிலோ புகையைக் கண்ட பிறகு அனுமானிப்பதற்கு ஒன்றும் மிச்சமிராது என்பதால், வேறு ஹேதுக்களைத் தேட வேண்டியிருக்கிறது. அவற்றில் தலைசிறந்தது, மின்சாரம் நுழையும் வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும் எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் உடம்பில் எழுதியிருக்கும் எண். இவை 6.3, 10, 16, 25, 35, 50, 63 என்ற படிகளில் விற்கப்படுகின்றன. 16 என்று கண்டவுடனே 16 வோல்ட் கொடுத்துவிடுகிறவன், பாலத்தின் முகப்பில் பத்து டன் என்று எழுதியிருப்பதைக் கண்டு, அதன் மேல் போகிற வண்டி ஒவ்வொன்றும் பத்து டன் எடையுள்ளது என்று முடிவு கட்டுகிறவனுக்கு ஒப்பாவான். அந்த எண் பொறுக்கும் அளவேயன்றி வேண்டும் அளவன்று. போர்டைப் படைத்தவர், தாம் கொடுக்க நினைத்த அழுத்தத்துக்கு மேலே ஒரு படியோ இரண்டு படியோ தாராளமாக வைத்திருப்பார். ஆகவே 5 வோல்ட் பாதையில் 6.3 அல்லது 10 என்றும், 12 வோல்ட் பாதையில் 16 அல்லது 25 என்றும், 24 வோல்ட் பாதையில் 35 அல்லது 50 என்றும் காண்பது வழக்கம். கெபாசிட்டர் நமக்குத் தருவது மேல் எல்லை.

கீழ் எல்லையைத் தருவது ரெகுலேட்டர். மூன்று கால்களோடு நிமிர்ந்து நிற்கும் 7805 என்பது, வந்தது எதுவானாலும் 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுப்பது. ஆனால் தன் கூலியாக ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தானே வைத்துக்கொள்வதால், உள்ளே குறைந்தது 7 வோல்ட் வந்தாலொழிய வேலை செய்யாது. 1117 என்ற இனத்தின் 3.3 வோல்ட் வகையோ கூலி குறைந்தது. ஒன்றேகால் வோல்ட்டுக்குள் திருப்தியடைந்துவிடும். ஆகவே அதை மட்டும் வாசலில் வைத்திருக்கும் போர்டு, பெரும்பாலும் 5 வோல்ட்டில் வாழ்வது. மேலெல்லை ஒன்று, கீழெல்லை ஒன்று ஆக இரண்டையும் பெற்றவன், உண்மை எந்தச் சந்துக்குள் ஒளிந்திருக்கிறது என்பதைப் பெரும்பாலும் அறிந்துவிடுகிறான்.

மூன்றாவது உபமானம். பசுவைப் போன்றிருப்பது காட்டிலுள்ள கவயம் என்று கேள்விப்பட்டவன், கவயத்தைக் கண்டதும் அடையாளம் கண்டுகொள்வது இதற்கு நூல்கள் கூறும் உதாரணம். நம் துறையில் உபமானம் பாதி நம்பத்தக்கது, பாதி நம்பத்தகாதது. யு.எஸ்.பி. துளையைக் கண்டால், அதைப் போன்ற மற்றத் துளைகளைப் போல இதுவும் 5 வோல்ட் என்று கொள்ளலாம். ஆனால் 5.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் துளை இருக்கிறதே, அது சகல மதங்களுக்கும் சம்மதமான சத்திரம். ரௌட்டரின் 9 வோல்ட்டும், செட்டாப் பெட்டியின் 12 வோல்ட்டும், லேப்டாப்பின் 19 வோல்ட்டும் அதே உருவமுள்ள சொருகியில் வருகின்றன. நடுமுள் பிளஸ் என்பது பொதுவிதியே; எனினும் கிதார் வாசிப்பவர்கள் காலால் மிதிக்கும் எஃபெக்ட் பெட்டிகளில் நடுமுள் மைனஸாக இருப்பது பரம்பரை வழக்கம். பொருந்துகிறது என்பதாலேயே சம்மதம் என்று பொருள் கொள்ளலாகாது.

நான்காவது சப்தம், அதாவது ஆப்தவாக்கியம். போர்டின் மேல் வெள்ளை மையில் ‘12 வி’ என்று அச்சிட்டிருந்தால், அதுவே சுருதி. மேலே வியாக்கியானம் வேண்டியதில்லை. ஆனால் ‘வி.சி.சி.’ என்றும் ‘வி-இன்’ என்றும் எழுதிவிட்டு எண்ணை மட்டும் எழுதாமல் போன போர்டுகளே உலகில் அதிகம். அப்போது ஐ.சி.க்களின் முதுகிலுள்ள எண்களைப் படித்து, அவற்றின் டேட்டா ஷீட் என்னும் பாஷ்யத்தைப் புரட்ட வேண்டும். 74 என்று தொடங்கும் பழைய டி.டி.எல். குடும்பத்தார் 4.75 முதல் 5.25 வரை என்று பத்தியச் சாப்பாட்டுக்காரர்கள். 555 என்பது 4.5 முதல் 16 வரை எதையும் ஏற்கும். 358 என்பது 3 முதல் 32 வரை சமதரிசனமுள்ளது. அத்தகைய பெருந்தன்மையால் ஆராய்ச்சிக்காரனுக்கு யாதொரு உதவியும் இல்லை. பத்தியக்காரர்களே நமக்கு வேண்டியவர்கள்.

பாஷ்யத்தைப் படிக்கும்போது இரண்டு இடங்களில் இளைஞர்கள் தவறி விழுகிறார்கள். ஒன்று, அதில் தாங்கும் உச்ச வரம்புகளுக்கு ஒரு பட்டியலும், நடைமுறைக்குச் சிபாரிசு செய்யும் அளவுகளுக்கு வேறொரு பட்டியலும் இருக்க, கண்ணில் முதலில் பட்டதைப் பற்றிக்கொள்வது. 7805இன் உச்ச வரம்பு 35 வோல்ட் என்று கண்டு 35 கொடுப்பது சாஸ்திர சம்மதமான தற்கொலை. மற்றொன்று பாடபேதம். ஐ.சி.யின் முதுகில் அதன் பெயரைத் தவிர, பிறந்த வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கங்களையும் அந்த வருஷத்தின் எத்தனையாவது வாரம் என்பதையும் சேர்த்து நான்கு இலக்கமாகப் பொறிக்கும் வழக்கம் உண்டு. ஆகவே பழைய ஐ.சி. ஒன்றின் மேல் காணும் 7405 என்பது, டி.டி.எல். குடும்பத்துப் பெயராகவும் இருக்கலாம், 1974ஆம் வருஷத்து ஐந்தாம் வாரத்தில் பிறந்த யாரோ ஒருவரின் ஜாதகக் குறிப்பாகவும் இருக்கலாம். பெயர் எது, ஜாதகம் எது என்று பகுத்தறியாமல் செய்த ஆராய்ச்சி, ஆராய்ச்சியாகாது.

ஐந்தாவது அர்த்தாபத்தி. பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருக்கிறான் என்றால், இரவில் உண்கிறான் என்று கொண்டாலொழிய அது பொருந்தாது. இதுவே அர்த்தாபத்தியின் லட்சணம். போர்டில் ஒரு கெபாசிட்டரின் பிளஸ் காலே கிரவுண்டில் இறங்கியிருக்கக் கண்டால், படைத்தவர் மதிமயங்கினார் என்று கொள்ளாமல், கிரவுண்டுக்கும் கீழான ஒரு மைனஸ் அழுத்தம் அங்கே உண்டு என்று கொள்ள வேண்டும். 741 போன்ற பழைய ஆப்-ஆம்ப்கள் நிறைந்த போர்டில் பிளஸ் 15, பூஜ்யம், மைனஸ் 15 என்று மூன்று வாசல்களைத் தேட வேண்டியிருப்பது இதனாலேயே.

ஆறாவது அநுபலப்தி. இல்லாமையைக் கொண்டு அறிவது. இப்பிரமாணத்தைத் தத்துவவாதிகள் பலர் அலட்சியம் செய்தார்கள். அவர்களிடம் 7805 இருந்ததில்லை. அந்த ரெகுலேட்டரின் முதுகில் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் அலுமினியத் தகடு, அதாவது ஹீட் சிங்க், இருக்கிறதா என்று பாருங்கள். போர்டு 100 மில்லியாம்பியர் உண்பதாக வைத்துக்கொண்டால், உள்ளே 24 வோல்ட் வரும் பட்சத்தில் மிகுதியான 19 வோல்ட் வீணாகி 1.9 வாட் வெப்பமாகும். தகடு இல்லாத ரெகுலேட்டரின் உட்சூடு அதனால் சுற்றுப்புறத்தைவிட 100 டிகிரிக்கு மேலே ஏறிவிடும். 12 வோல்ட் வந்தாலோ 0.7 வாட், சுடும், ஆனால் பிழைத்துக்கொள்ளும். ஆகவே, தகடு இல்லாமையே, வாசலில் வருவது 24 அன்று என்பதற்கு ஒரு சாட்சி. இருப்பவை எல்லாம் பொய் சொன்னாலும் சொல்லலாம். இல்லாதது பொய் சொல்வதில்லை.

சமன்வயம்

தனித்தனியே சொன்ன பிரமாணங்கள் ஒரே போர்டின் மீது எப்படி ஒன்றுகூடுகின்றன என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். உள்ளங்கை அளவான பச்சைப் போர்டு ஒன்று; வட்டத் துளை; அதன் பின்னே ‘எம்7’ என்று எழுதிய சிறு கறுப்பு டையோடு; அதையடுத்து 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெபாசிட்டர்; தகடில்லாத 7805; அதற்கு அப்பால் 10 வோல்ட் கெபாசிட்டர்; ஒரு சிப்பு; இவற்றோடு, நீல நிறப் பெட்டி போன்ற ஒரு ரிலே. ரிலேயின் நெற்றியில் இருந்த எழுத்து உரசி அழிந்துவிட்டது என்றும் வைத்துக்கொள்வோம்.

டையோடு, திசை மாறிக் கொடுப்பவர்களுக்காக வாசலில் நிறுத்திய காவற்காரன், அது 0.7 வோல்ட்டைச் சுங்கமாக எடுத்துக்கொள்ளும். அப்பாலுள்ள 7805க்கு 7 வோல்ட் வேண்டுமானால், வாசலில் 7.7க்குக் குறையலாகாது. கெபாசிட்டர் 25க்குக் கீழே என்கிறது. தகடின்மை 24ஐ விலக்குகிறது. எஞ்சியவை 9, 12, 15 என்ற மூன்று. இவற்றில் எது என்பதை ரிலேதான் சொல்ல வேண்டும். எழுத்து அழிந்தாலும் அதன் சுருள் அழிவதில்லை. மல்டிமீட்டரால் சுருளின் தடையை அளந்தால், இந்தச் சிறு நீலப் பெட்டி இனத்தில் சாதாரணமாகக் காணும் 0.36 வாட் வகையாக இருக்கும் பட்சத்தில், 5 வோல்ட் ரிலேக்கு 70 ஓம், 12 வோல்ட் ரிலேக்கு 400 ஓம், 24 வோல்ட் ரிலேக்கு 1600 ஓம் என்று ஏறக்குறைய வரும். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் மூன்றிலும் ஏறக்குறைய அதே 0.36 வருவதைக் கணக்கில் பிரியமுள்ளவர்கள் சரிபார்த்துக் கொள்ளலாம். நம் போர்டில் மீட்டர் 400ஐ ஒட்டிக் காட்டுகிறது; சுருளின் ஒரு முனை, 7805க்கு முன்னாலேயே, 25 வோல்ட் கெபாசிட்டரின் பிளஸ் காலோடு நேரே சேர்ந்திருக்கிறது. எனவே 12 என்பது நிர்ணயம். துவாதசவாதிகள் இதைக் கேட்டு, ‘நாங்கள் அப்போதே சொன்னோமே’ என்பார்கள். உண்மைதான், காரணமில்லாமல் சொன்னார்கள்.

பரீட்சை

நிர்ணயமான பின்பும் நேரே அடாப்டரைச் சொருகிவிடுவது அறிஞர்க்கு அழகன்று. முதலில், மின்சாரமின்றியே, பிளஸ் பாதைக்கும் கிரவுண்டுக்கும் இடையே தடையை அளக்க வேண்டும்; ஏறக்குறைய பூஜ்யம் காட்டினால், உள்ளே எங்கோ ஷார்ட் உண்டு; பிரமாண விசாரணை முடிந்து வைத்திய விசாரணை தொடங்குகிறது. இல்லையேல், அழுத்தத்தையும் கரண்டையும் தனித்தனியே கட்டுப்படுத்தக்கூடிய பெஞ்ச் பவர் சப்ளை ஒன்றை எடுத்து, கரண்ட் லிமிட்டை 50 அல்லது 100 மில்லியாம்பியரில் கட்டிவைத்து, 3 வோல்ட்டிலிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டே, மீட்டரின் முனையை 7805இன் வெளிக்காலில் வைத்துப் பார்க்க வேண்டும். வாசலில் ஏற ஏற அங்கேயும் ஏறிக்கொண்டே வரும். ஓர் இடத்தில், வாசலில் 8 ஆனாலும் 9 ஆனாலும், அது 5இலேயே அசையாமல் நின்றுவிடும். அவ்விடமே கீழெல்லை, அனுமானம் அனுபவமானது அங்கேதான். அதன்பின் 12 வரைக்கும் ஏற்றி, கரண்ட் திடீரென்று தாவாமல் இருக்கிறதா, எந்த உறுப்பாவது அளவுக்கு மீறிச் சூடாகிறதா என்று சற்று நேரம் காத்திருக்க வேண்டும். ரிலே இழுக்கும்போது சுருள் மட்டுமே சுமார் 30 மில்லியாம்பியர் கேட்கும் ஆதலால், லிமிட்டை அதற்குத் தக்கபடி தளர்த்துவதும் நியாயமே.

லோகாயதர்கள் இங்கே குறுக்கிட்டு, ‘கடைசியில் நீங்களும் கொடுத்துத்தானே பார்த்தீர்கள்?’ என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது, விடையும் உண்டு. அவர்கள் விடையைத் தெரிந்துகொள்வதற்காகக் கொடுக்கிறார்கள். நாம் விடையைத் தெரிந்துகொண்டு, அது தவறாயிருந்தால் நஷ்டம் 100 மில்லியாம்பியருக்கு மேற்படாதபடி வரம்பு கட்டிக்கொண்டு கொடுக்கிறோம். தத்துவத்துக்கும் துணிச்சலுக்கும் உள்ள பேதம் அந்த ஒரு குமிழில் அடங்கியிருக்கிறது.

பலசுருதி

இவ்விசாரணையை முறைப்படி நடத்தி முடித்தவனுக்குக் கிட்டும் பலன்கள் மூன்று. அந்தப் போர்டு எரியாமல் இருக்கும். ரெகுலேட்டர், கெபாசிட்டர், ரிலே என்பவற்றின் குணங்களில் அவனுக்குத் தெளிவு பிறக்கும். மூன்றாவதாக, 12 வோல்ட் பெற்று, சிறு சிவப்பு விளக்கொன்றை ஏற்றிக்கொண்டு சௌக்கியமாக அமர்ந்திருக்கும் அந்தப் போர்டு எதற்காக ஏற்பட்டது, அது என்ன வேலை செய்யும் என்னும் புதிய சந்தேகமும் அவனுக்கு உண்டாகும். அதற்கு வேறு நூல் வேண்டும்.

முடிவாகச் செய்ய வேண்டிய கிரியை ஒன்று உண்டு. அழியாத மையினால், போர்டின் ஓரத்திலே ‘12 வோல்ட், நடுமுள் பிளஸ்’ என்றும், அதற்குப் பொருந்திய அடாப்டரின் முதுகிலே அது எந்தப் போர்டுக்கு உரியது என்றும் எழுதிவைப்பது. இதற்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகாது. எல்லா மனிதரும் எல்லா அடாப்டரிலும் இப்படி எழுதிவிட்டால், மேலே விரித்துரைத்த ஆறு பிரமாணங்களும் அவசியமற்றுப் போய், இந்த சாஸ்திரமே உலகிலிருந்து லோபமாகிவிடும் என்று சிலர் அஞ்சக்கூடும். அஞ்ச வேண்டியதில்லை, யாரும் எழுதமாட்டார்கள்.